ஒரே இழையில் பல நிறங்கள்



2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் கடலடியில் போட்ட ஐ டூ ஐ கேபிளில் எட்டே ஜோடிக் கண்ணாடி இழைகள். ஜோடிக்கு 105 அலைநீளங்கள், ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 10 கிகாபிட் என்பது வடிவமைப்புக் கணக்கு. "ஒண்ணோடொண்ணு கலந்துடாதா சார்?" என்பீர்கள். ஒளியின் சக்தியை அளவுக்கு மீறி ஏற்றாதவரை கலக்காது. மறுகரையில் வடிகட்டி, அந்தந்த நிறத்தைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

வழியில் மங்குவதுதான் தொல்லை. முன்பெல்லாம் ஒளியை மின்சாரமாக்கி, மறுபடி ஒளியாக்கணும். நிறத்துக்கு ஒரு கருவி. 1987-ல் வந்த எர்பியம் பெருக்கி எல்லா நிறங்களையும் ஒளியாகவே சேர்த்துத் தூக்கிவிட்டது. இந்த வித்தை கட்டுபடியானதே அதனால்தான்.

நிறம் நிறம் என்கிறேனே, 1550 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாது. ஆய்வகத்தில், தெரியலையேன்னு இழை முனையைக் கண்ணுக்கு நேரே பிடிச்சுடாதீங்க, தம்பிகளா!