கழுத்துவலிக்கு எது மருந்து?
(நலவாழ்வுக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



அன்னதானத்திற்குக் குனிந்து காய்கறி நறுக்குவோரும் மாலை கட்டுவோரும் கழுத்துவலியால் அவதிப்படுவதைக் காண்கிறோம். உருவிவிட்டால் சரியாகும் என்கிறார் ஒருவர். மாத்திரை போதும் என்கிறார் மற்றொருவர். எதை ஏற்பது?

2012-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. கழுத்துவலி கண்டு 2 முதல் 12 வாரங்களான 272 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவினருக்கு மாத்திரை. அடுத்த பிரிவினருக்குக் கையால் முதுகெலும்பை அசைத்துச் சீராக்கும் சிகிச்சை. மூன்றாம் பிரிவினருக்கு வீட்டுப் பயிற்சி. 12 வாரங்களின் முடிவில் மாத்திரையைவிடக் கைச்சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. ஆனால், ஒருமணி நேரம் வீதம் இரண்டே முறை சென்று கற்றுவந்த பயிற்சியும் அதற்கு ஏறக்குறைய இணையாக நின்றது!

பயிற்சி மிக எளிது. மோவாயைப் பின்னுக்கு இழுத்தல், தலையை இருபுறமும் திருப்புதல், சாய்த்தல், தோள்பட்டைகளைப் பின்னால் ஒடுக்குதல். ஒவ்வொன்றையும் 5 முதல் 10 முறை, மெதுவாக, நாளில் பலதடவை செய்தார்கள். பிசியோதெரபி நிபுணரிடம் ஒருமுறை முறையாகக் கற்றுக்கொண்டால், பிறகு செலவில்லை.

ஓர் எச்சரிக்கை. கை மரத்துப்போதல், பலவீனம், காய்ச்சல், விழுந்து அடிபட்ட வலி ஆகியவை இருந்தால் உருவவோ சொடுக்கெடுக்கவோ வேண்டாம். உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

தொண்டு செய்யும் உடலைப் பேணுவதும் தொண்டே.