டெக்ஸ்சர் சீலிங்குக்கு பெயின்ட் அடிக்கும் முன்

(சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் பெயின்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வெள்ளகவியில் பிறந்தவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடைக்கானல் வீடுகளில் வேலை பார்த்து வருபவர்.)

சீலிங்குக்கு எந்த பெயின்ட் நல்லது என்று பத்து நிமிடம் பேசுங்கள் என்றார் செயலாளர் ஐயா. அதற்குப் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியதைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் குடியிருப்பில் பல வீடுகளில் சீலிங் சொரசொரப்பாக இருக்கிறது. சிலர் ரோலரால் டெக்ஸ்சர் போட்டிருக்கிறார்கள், சிலர் பி.ஓ.பி.யில் டிசைன் செய்திருக்கிறார்கள். கான்கிரீட்டின் மேடு பள்ளத்தை மறைக்க இது நல்ல வழிதான். ஆனால் கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும். அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் தூசி தங்கும், தூசியில் ஈரம் தங்கும், பிறகு பூஞ்சை வரும். அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயின்ட் அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கறுப்புப் புள்ளி எட்டிப் பார்க்கும். இருமல், இழுப்பு உள்ள பிள்ளைகள் அதற்குக் கீழே படுப்பதும் நல்லதில்லை.

ஆகவே முதல் கேள்வி, ஈரம் எங்கிருந்து வருகிறது என்பது. சீலிங்கில் கறை தெரிந்ததும் எல்லோரும் மேல் வீட்டைத்தான் பார்க்கிறோம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் கீழ் வீட்டுக்காரரும் மேல் வீட்டுக்காரரும் இதனாலேயே ஒரு வருஷம் முகம் பார்த்துப் பேசவில்லை. மேல் வீட்டு பாத்ரூம் டைல்ஸை உடைக்கச் சொல்லிப் பஞ்சாயத்து வரை போனது. அங்கே செய்த சோதனையைச் சொல்கிறேன், செலவே கிடையாது.

ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றை எடுத்து, கறை உள்ள இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். டெக்ஸ்சர் மேல் டேப் பிடிக்காது. டேப் வரும் இடத்தை மட்டும் லேசாக ஈரப்படுத்திச் சுரண்டி, காய்ந்த பிறகு ஒட்டுங்கள். ஒரு நாள் விடுங்கள். ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் கான்கிரீட்டிலிருந்து வருகிறது: மேல் வீட்டுக் குழாய், பாத்ரூம், அல்லது மொட்டை மாடித் தட்டோடு. ஷீட்டின் நம்மைப் பார்த்த பக்கம் ஈரம் இருந்தால் அது அறையின் காற்றிலிருந்து வருவது. கடைசி மாடியில் இருப்பவர்கள் இதை மழை பெய்யும் நாட்களில் செய்ய வேண்டும், வெயில் நாளில் செய்தால் ஒன்றும் தெரியாது.

அந்த வீட்டில் ஈரம் நம்மைப் பார்த்த பக்கம்தான் இருந்தது. ஜன்னலை அடைத்துவிட்டு அறைக்குள்ளேயே துணி காயப்போட்டு, கேஸ் ஹீட்டரும் எரித்திருக்கிறார்கள். கேஸ் எரிந்தாலே நீராவி வரும், அது குளிர்ந்த சீலிங்கில் போய்ப் படியும். (மூடிய அறையில் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரிப்பது உயிருக்கே ஆபத்து, அதையும் சொல்லிவிடுகிறேன்.) டைல்ஸ் தப்பித்தது.

அடுத்தது, ஏற்கெனவே என்ன அடித்திருக்கிறது என்று பார்ப்பது. ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். விரலில் சுண்ணாம்பு போல வெள்ளை வந்தால் பழைய டிஸ்டெம்பர். அதை ஈரத் துணியால் துடைத்து எடுக்காமல் எமல்ஷன் அடித்தால் அப்பளம் மாதிரி உரிந்து வரும். பெயின்டே படாத பி.ஓ.பி. டெக்ஸ்சர் என்றால் வேறு சிக்கல்: ரோலரின் ஈரத்தில் ஊறி, டெக்ஸ்சர் கட்டி கட்டியாக ரோலரோடு வந்துவிடும். அதற்கு முதலில் மெல்லிய பிரைமர் ஒரு கோட், அதுவும் ஒரே போக்கில். போன இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகக் கூடாது.

பூஞ்சையை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டாதீர்கள், தூள் அறை முழுவதும் பறக்கும். ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து ஸ்பாஞ்சால் ஒற்றி, கால் மணி நேரம் விட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மாஸ்க், கையுறை, கண்ணாடி வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கழிவறை ஆசிட்டை அதோடு கலக்கவே கூடாது, விஷவாயு வரும். பழைய எனாமல் இருந்தால் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டின் தூளில் ஈயம் இருக்கலாம், சிறு பிள்ளைகளுக்கு அது பெரிய கெடுதல்.

இனி அந்த ஒரு நிமிடப் பதில். பளபளப்பே இல்லாத மேட் எமல்ஷன், பூஞ்சை எதிர்ப்பு என்று டப்பாவில் போட்டது, வெள்ளை. பளபளப்பு இருந்தால் சாயங்காலம் லைட் போட்டதும் ஒவ்வொரு மேடும் நிழல் விழுந்து தனித்தனியாகத் தெரியும். துடைக்கலாமே என்று ஷைன் பெயின்ட் கேட்பார்கள். சொரசொரப்பான சீலிங்கை யாரும் துடைப்பதில்லை. பழுப்பு நீர்க்கறை இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஆயில் பிரைமர் முதலில். இல்லையென்றால் எத்தனை கோட் எமல்ஷன் அடித்தாலும் கறை மேலே வரும்.

எவ்வளவு வாங்குவது? நான் வளர்ந்த காலத்தில் வெள்ளகவிக்கு ரோடு கிடையாது. கும்பக்கரையிலிருந்து ஏறினாலும் வட்டக்கானலிலிருந்து இறங்கினாலும் நடைதான். சாமான் குதிரை முதுகில் வரும், இல்லையென்றால் நம் தலையில். இருபது லிட்டர் பெயின்ட் வாளி முப்பது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். அதனால் அளக்காமல் எதையும் வாங்க மாட்டோம். டப்பாவில் போட்டிருக்கும் சதுர அடிக் கணக்கு வழுவழுப்பான சுவருக்கு. டெக்ஸ்சர் அதைவிட நிறையக் குடிக்கும், ஒன்றரை மடங்கு வரைகூடப் போகலாம். ஒரு லிட்டர் மட்டும் வாங்கி, பத்து சதுர அடி அளந்து அடித்துப் பாருங்கள். எவ்வளவு குறைந்தது என்று பார்த்து மீதியை வாங்கலாம்.

ரோலர் நீளமான ரோமம் உள்ளதாக இருக்கட்டும், முக்கால் அங்குலம். குட்டை ரோமம் குழிக்குள் இறங்காது. முதல் கோட் ஜன்னல் பக்கமிருந்து உள்ளே, இரண்டாவது அதற்குக் குறுக்கே. ஒரு சீலிங்கை நடுவில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனால் அந்தக் கோடு கடைசி வரை தெரியும்.

காலம் முக்கியம். பிப்ரவரி கடைசியிலிருந்து மே வரை செய்யுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, சுவர் காயாது. ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும். அந்தக் குளிரில் எமல்ஷன் சரியாகப் பிடிக்காமல் பின்னால் மாவாக உதிரும். பொங்கலுக்கு வீடு புதுசாக வேண்டும் என்று கேட்பவர்களுக்குச் சுவரையும் சீலிங்கையும் விட்டுவிட்டு கதவு, கிரில் மட்டும் வெயில் நேரத்தில் செய்து தருகிறேன்.

போனில் சீலிங் படம் எடுத்து வந்தவர்கள் இப்போது காட்டுங்கள். ஷீட் ஒட்டிப் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் சரியாகச் சொல்ல முடியும்.