ஆட்டத்தில் இனமும் ஊரில் சாதியும்

(திருவண்ணாமலை இளைஞர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் கோயிலுமல்ல, புராணமுமல்ல. கம்ப்யூட்டரில் பையன்கள் ஆடுகின்ற சண்டை ஆட்டம். இதில் பகுத்தறிவுக்காரனுக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கலாம். இவ்வூர்த் தோழர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் வந்து, "ஐயா, என் பையன் இராத்திரியெல்லாம் ஒரு ஆட்டம் ஆடுகிறான். அதில் ஆளுக்கொரு இனமாம். ஒரு இனத்தான் எதிரி இனத்தானைக் கண்ட இடத்தில் வெட்டலாமாம். சாதியை ஒழிக்க வேண்டுமென்று நான் மேடை மேடையாகக் கத்துகிறேன். என் வீட்டுக்குள்ளேயே இந்தக் கூத்து நடக்கிறதே!" என்று மிகவும் சங்கடப்பட்டார். நாமும் அந்தப் பையனுக்குப் பக்கத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தோம், கேட்டோம். பார்த்த பிறகு, நமது சாஸ்திரங்களைவிட அந்த ஆட்டத்தின் சட்டம் பல விதத்தில் யோக்கியமானது என்றே நமக்குத் தோன்றிற்று. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

அந்த ஆட்டத்தின் பெயர் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட். 2004-ல் வெளிவந்தது. அதில் இரண்டு கட்சிகள். அலையன்ஸ் என்பது ஒன்று. மனிதர், குள்ளர் முதலியவர்கள் அதைச் சேர்ந்தவர்கள். ஹோர்ட் என்பது மற்றொன்று. ஓர்க், ட்ரோல் முதலியவர்கள் அதைச் சேர்ந்தவர்கள். ஒரு கட்சியான் பேசுவது மற்றக் கட்சியானுக்கு ஏதோ உளறலாகத்தான் திரையில் தெரியும். பேசிச் சமாதானமாகிவிடக் கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்! இது நமக்கு ஒன்றும் புதிதல்ல. சென்னைப் பட்டணத்தில் வலங்கைச் சாதிகள், இடங்கைச் சாதிகள் என்று இரண்டு கட்சி கட்டிக்கொண்டு, எந்தத் தெரு யாருக்கு என்று 1652-லும் 1707-லும் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் வெள்ளைக்கார கவர்னர் நடுவிலிருந்து, பெத்துநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று ஊரையே பங்குபோட வேண்டியதாயிற்று. செத்துப் பிழைக்கும் பொம்மைகள் ஆடும் ஆட்டத்தை, ஒரே உயிருள்ள நம் பாட்டன்மார் தெருவில் ஆடினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிச் சண்டைக்கு அவர்கள் வைத்த சட்டத்தைக் கவனியுங்கள். முதலில் அவர்கள் சர்வர்களையே பிரித்தார்கள். சண்டை வேண்டாம் என்கிறவனுக்கு ஒரு வகை. அங்கே அவன் தானாகக் கொடியேற்றிச் சம்மதம் காட்டினாலொழிய எதிர்க்கட்சி ஆட்டக்காரன் அவனைத் தொட முடியாது. சண்டை வேண்டுமென்று வருகிறவனுக்கு இன்னொரு வகை. அங்கேயும் புதிதாகப் பிறந்தவன் தன் இனத்தின் சொந்த ஊரில் இருக்கும்வரை அவனாகப் போய் வம்புக்கு இழுத்தாலொழிய அவனுக்குப் பாதுகாப்பு உண்டு. பொதுவான காட்டிலும் மேட்டிலும்தான் யாரும் யாரையும் அடிக்கலாம். தன்னைவிட மிகவும் கீழ்ப்படியிலிருப்பவனைக் கொன்றவனுக்கு மரியாதைப் புள்ளி கிடையாது. அப்படியும் சில வீரர்கள் சின்னப் பயல்களையே தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தப் பையன் சொன்னான். எந்த லோகத்திலும் அந்த ஜாதி வீரர்கள் இருக்கத்தானே செய்வார்கள்! 2018-ல் அந்தச் சர்வர்ப் பிரிவையும் எடுத்துவிட்டு, சண்டைக்குச் சம்மதமா இல்லையா என்பதை அவரவரே தலைநகரில் தெரிவித்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். நாம் கேட்கின்றோம்: நமது சமூகத்தில் பிறக்கிற எந்தக் குழந்தையையாவது, "இந்தச் சாதிச் சண்டைக்கு உனக்குச் சம்மதமா?" என்று யாராவது கேட்டதுண்டா?

இதற்கு முன் 1997-ல் அல்டிமா ஆன்லைன் என்று ஒன்று வந்தது. நகரத்துக் காவலாளிக்கு எட்டாத வெளியில் யார் யாரை வேண்டுமானாலும் கொல்லலாம், கொள்ளையடிக்கலாம். பல கொலைகள் செய்தவன் பெயர் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பு மையும் போதவில்லை. கொடுமை தாங்காமல் 2000-ல் உலகத்தையே இரண்டாக்கி, சம்மதமில்லாமல் கொல்ல முடியாத பாதியொன்றைத் தனியாக உண்டாக்கினார்கள். அதாவது, கஷ்டத்தைக் கண்டு சட்டத்தை மாற்றினார்கள்.

நம் ஊரின் ஸ்தல புராணத்திலும் ஒரு போட்டி இருக்கிறது. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் பெரியவன் என்று சண்டையாம். சிவன் நெருப்புத் தூணாக நின்று, அடியையும் முடியையும் கண்டுவா என்றானாம். விஷ்ணு பன்றியாகப் பூமியைத் தோண்டினான். பிரம்மா அன்னமாகப் பறந்தான். காணாததைக் கண்டதாகப் பிரம்மா சொன்னான். தாழம்பூ பொய்ச்சாட்சி சொல்லிற்று. தீர்ப்பு என்ன? பிரம்மாவுக்குக் கோயிலில்லை, தாழம்பூவுக்குப் பூஜையில்லை, நடுவராக வந்த சிவனே எல்லோருக்கும் பெரியவன்! நடுவரே பரிசைத் தட்டிக்கொண்டு போகும் பந்தயத்தை எந்தக் கம்ப்யூட்டர்க் கம்பெனிக்காரனாவது வைத்தால், மறுநாளே ஒருவனும் பணம் கட்டமாட்டான். நாமோ 2,668 அடி மலையின்மேல் ஏறி வருஷந்தோறும் நெய்யை ஊற்றி எரிக்கின்றோம்.

சண்டைச் சர்வர்களில் வேஷங்கட்டி ஆடுபவை என்று ஒரு வகை உண்டு. அதில் ஓர்க்காக வந்தவன் ஓர்க்கைப் போலவே பேச வேண்டும். இது தெருக்கூத்துத்தான். நமது ஜில்லாவிலேயே புரிசையில் பரம்பரையாகக் கூத்து நடக்கிறது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட சர்வர்கள் பலவற்றில் இரண்டு கட்டளைகள் கண்டிப்பாய் உண்டு. ஒன்று, காரணமில்லாமல் கண்டதும் வெட்டக் கூடாது. கதையில் அதற்கு ஒரு முகாந்திரம் வேண்டும். மற்றொன்று, வேஷத்தின் பகையை வேஷத்தோடு விட்டுவிட வேண்டும். எல்ஃபாக நடித்தவனை ஓர்க்காக நடித்தவன் ஆட்டத்துக்கு வெளியே திட்டினால் அவனை வெளியேற்றிவிடுவார்கள். நமது கூத்திலும் விடிந்தபின் துரியோதனன் வேஷக்காரரும் பீமன் வேஷக்காரரும் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு ஒரே கடையில் டீ சாப்பிடுகிறார்கள். பாரதக் கதையோ வேறு. யுத்தத்திற்குச் சட்டம் போட்டுக்கொண்டு, அபிமன்யுவைப் பலர் சூழ்ந்து கொன்றார்கள். தொடையில் அடிக்கக் கூடாது என்றிருக்க, அங்கே அடி என்று கடவுளே ஜாடை காட்டினார். வேஷக்காரர்களுக்கு இருக்கும் நாணயம் கதையிலுள்ள கடவுளுக்கு இல்லை.

வேஷத்தைக் கழற்றத் தெரியாமல் போனால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தங்களோடு படித்த தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனை அவன் வீட்டுக்கே போய் அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசாங்கம் அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வர்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்றது. தோழர்களே! அந்தக் கயிறு என்ன? ஆட்டத்தில் சண்டைக்குச் சம்மதம் காட்டும் கொடியேதான். ஆட்டத்துப் பையன் தன் கொடியைத் தானே இறக்கிவிட்டுச் சும்மா போகலாம். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு அப்பனும் மாமனும் சாதிச் சங்கத்தானும் சேர்ந்து கட்டிவிடுகிறார்கள்.

ஆட்டத்தில் குற்றமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. பெரிய குற்றம் ஒன்று உண்டு. இன்ன இனத்தில் பிறந்தவன் பலசாலி, இன்ன இனத்தில் பிறந்தவன் புத்திசாலி என்று குணத்தைப் பிறவியோடு ஒட்டி வைத்திருந்தார்கள். இது வருணாசிரமம் அல்லாமல் வேறென்ன? இந்த ஆட்டங்களுக்கெல்லாம் தாத்தாவான டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974-ல் வந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. அதன் 2024-ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இனம் என்ற சொல்லையே எடுத்துவிட்டு வேறு சொல் போட்டார்கள். பலமும் புத்தியும் கூடுவதைப் பிறந்த இனத்திலிருந்து பிரித்து, அவன் வளர்ந்த வளர்ப்போடும் பார்த்த தொழிலோடும் சேர்த்தார்கள். ஐம்பதே வருஷத்தில் ஒரு விளையாட்டுப் புத்தகம் திருந்திற்று. ஒரே குற்றத்துக்குச் சாதிக்கொரு தண்டனை எழுதிய மனுதர்மத்தில் ஒரு வரியைத் திருத்தியதுண்டா?

வார்கிராஃப்டிலும் அப்படித்தான். 2009-லேயே காசு கட்டினால் இனத்தையும் கட்சியையும் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். 2012-ல் பாண்டாரன் என்று ஓர் இனம் வந்தது. அவன் எந்தக் கட்சியிலும் பிறப்பதில்லை, வளர்ந்த பிறகு தானே ஒன்றைத் தெரிந்துகொள்ளுகிறான். 2022-ல் இரண்டு கட்சிக்காரரும் ஒரே கூட்டமாகக் குகைக்குள் போகலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆட்டம் வெளிவந்து பதினெட்டே வருஷம்!

நமது ஜில்லாவின் கணக்கை இப்போது பாருங்கள். 1920-களின் பிற்பகுதியில் 'திராவிடன்' ஆசிரியர் ஜே.எஸ். கண்ணப்பர் இவ்வூர்க் கோயிலுக்குள் நுழையப் பாடுபட்ட சங்கதியைப் பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள். கோயில் நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் வந்தது. தண்டராம்பட்டுக்குப் பக்கத்துத் தென்முடியனூரில், அறநிலையத் துறையைச் சேர்ந்த முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் 2023 ஜனவரி 30-ந் தேதிதான் போக முடிந்தது. அதுவும் கலெக்டரும் போலீஸ் சூப்பிரண்டும் ஏராளமான போலீசாரும் சூழ்ந்து நிற்க! அதே வருஷம் ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் அப்படியே. அந்தக் கோயிலுக்குள் போய்த்தான் அவர்கள் மனிதராக வேண்டுமென்பது நமது அபிப்பிராயமல்ல. உள்ளே இருப்பது கல்தான். ஆனால், சட்டம் வந்து எழுபத்தாறு வருஷம் அந்தக் கல்லுக்குக் காவலாய் நின்ற கதவு எது என்பதே நமது கேள்வி.

ஆகவே அந்தத் தகப்பனாருக்கு நாம் சொன்னது இதுதான். பையனிடமிருந்து கம்ப்யூட்டரைப் பிடுங்க வேண்டாம். பணம் வைத்து ஆடுகின்றானா என்று மாத்திரம் பாருங்கள். அது சூதாட்டம், அதை 2025-ல் பாராளுமன்றமே சட்டம் செய்து தடுத்தாயிற்று. இராத்திரி பத்து மணிக்குமேல் ஆடவிடாதீர்கள். காலையில் பள்ளிக்கூடத்தில் தூங்குகிறான். எந்தச் சட்டம் நியாயம், எது அநியாயம் என்று அவனோடு உட்கார்ந்து தர்க்கம் செய்யுங்கள். அவன் நன்றாகவே தர்க்கம் செய்கிறான். நம்மையே, "ஐயா, ஆட்டத்தில் கட்சி மாறக் காசு கட்டுகிறோம், பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் சாதியை எடுக்க எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டான். காசு வேண்டாம், சாதியில்லாதவர் என்று சர்ட்டிபிகேட் வாங்கியவர்களும் இந்த நாட்டில் உண்டு, ஆனால் நூற்றாண்டுக்கணக்காய் மிதிபட்டவன் தன் இடஒதுக்கீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்ல ஆரம்பித்தோம். அது பெரிய விஷயமாக நீண்டு, அவன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார். மிச்சத்தைக் கேட்க அவனே இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். அவனும் மற்ற இளைஞர்களும் கேள்விகளை எழுதி மேடைக்கு அனுப்பலாம்.