பரணில் இருக்கும் ஜப்பான் வாள்



அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி பக்கத்தில் மழை பொய்த்த வருஷங்களில் ஆட்கள் கப்பலேறிப் போனது பழைய கதை. மலேயாவில் ரப்பர்த் தோட்டம், இலங்கையில் தேயிலை மலை, பர்மாவில் ரங்கூன் என்று பிழைப்புத் தேடிப் போனார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் இதே கரிசல் ஊர்களிலிருந்து இளைஞர்கள் பட்டாளத்துக்கும் போனார்கள். அப்படிப் போய் வந்தவர்களின் தகரப்பெட்டிகள் சில வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கலாம். அதில் ஒரு பதக்கமும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்கும். அபூர்வமாக, லேசாக வளைந்த ஒரு நீண்ட வாளும் இருக்கக்கூடும். "ஐயா ஜப்பான்காரனிடமிருந்து கொண்டுவந்தது" என்று அப்பத்தா சொல்லியிருப்பார். அப்படி ஒரு வாள் கையில் இருப்பவர்களுக்காகத்தான் இந்த உரை.

ஜப்பான் வாள் நம் ஊருக்கு வர வழி உண்டா? உண்டு. 1945 செப்டம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் ஜப்பானியத் தளபதி இடாகாகி, நேசநாட்டுப் படைகளின் தளபதி மவுண்ட்பேட்டன் முன்னிலையில் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாளைப் பலர் பார்க்கக் கையால் ஒப்படைக்க வேண்டும் என்பது மவுண்ட்பேட்டனின் உத்தரவு. அவர்களின் தலைமைத் தளபதி தெராவுச்சியே நவம்பர் 30ஆம் தேதி சைகோனில் இரண்டு வாள்களைக் கொடுத்தார். பர்மாவிலும் மலேயாவிலும் இப்படிக் குவிந்த வாள்களில் பல, போர் நினைவாகப் பட்டாளத்துக்காரர்களோடு ஊர் திரும்பின. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையினர் பர்மாப் போரில் பாலம் போட்டு, பாதை போட்டு உழைத்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாள் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் கைப்பிடியைப் பாருங்கள். அதிகாரியின் வாள் என்றால், சொரசொரப்பான வெள்ளை மீன்தோலின் மேல் பழுப்புக் கயிறு சுற்றியிருக்கும்; கயிற்றின் இடைவெளிகள் வரிசையாக டைமன் வடிவில் தெரியும். கயிற்றுக்கு அடியில் செர்ரிப் பூ வைத்த சிறிய உலோக வேலைப்பாடு எட்டிப்பார்க்கும். இந்த அமைப்பு 1934இல் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, கீழ்நிலைப் படையினருக்கென்று தொழிற்சாலையில் செய்த வாள் வந்தது. அதில் கைப்பிடி பெரும்பாலும் அலுமினியம். கயிறு சுற்றியதுபோல அச்சில் வார்த்து வர்ணம் பூசியிருப்பார்கள். வாளின் அலகில் வரிசை எண் பொறித்திருக்கும். அதிகாரியின் வாளில் குஞ்சம் மிஞ்சியிருந்தால் அதன் நிறமும் பேசும். நீலமும் பழுப்பும் என்றால் கேப்டன் வரையிலான அதிகாரி. சிவப்பும் பழுப்பும் என்றால் மேஜர், கர்னல் நிலை. பொன்னிழை கலந்திருந்தால் ஜெனரல்.

ஆனால் வாளின் உண்மையான சாட்சி கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் அடிப்பகுதிதான். அதிகாரியின் வாளில் குறுக்கே செருகியிருக்கும் சின்ன மூங்கில் ஆணியைத் தள்ளினால் கைப்பிடி கழன்று வரும். இறுகிப் போயிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள்; விவரம் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அந்த அடிப்பகுதியின் ஒரு பக்கத்தில் கொல்லரின் பெயரும், மறுபக்கத்தில் தேதியும் உளியால் வெட்டியிருக்கலாம். போர்க்கால வாள் என்றால் தேதி ஜப்பானியப் பேரரசரின் ஷோவா ஆண்டில் இருக்கும். அதோடு 1925ஐக் கூட்டினால் நம் கணக்கு வந்துவிடும். ஷோவா 17 என்றால் 1942. பெயருக்குப் பக்கத்தில் சிறிய முத்திரை இருந்தால், பெரும்பாலும் அது போர்க்காலத்தில் சாதாரண எஃகில் அடித்து, எண்ணெயில் தோய்த்த வாள். நட்சத்திர முத்திரை இருந்தால் ராணுவம் அங்கீகரித்த கொல்லரின் வேலை. சில அதிகாரிகள் தங்கள் முப்பாட்டன் காலத்து அலகையே ராணுவக் கைப்பிடியில் பொருத்திக்கொண்டு போருக்கு வந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் உள்ளேதான்.

அதனால்தான் உங்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். தேய்க்காதீர்கள். சரஸ்வதி பூஜைக்கு அரிவாளையும் ஏர்க்கொழுவையும் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளப்பாக்கிச் சந்தனம், குங்குமம் வைப்பது நம் வழக்கம். இந்த வாளுக்கு அது ஆகாது. கைப்பிடிக்குள் இருக்கும் கறுத்த துருதான் அந்த எஃகின் வயதைச் சொல்கிறது. அதைச் சுரண்டினால் விலையும் போகும், சான்றும் போகும். அலகில் மணல்காகிதம் பட்டால், கூர் ஓரமாகப் பால்போல ஓடும் அலைக்கோடு அழிந்துவிடும். அலகை விரலால் தொடவேண்டாம், வியர்வையே துருவாகும். சுத்தமான பருத்தித் துணியில் தையல் மிஷின் எண்ணெயை லேசாகத் தொட்டுப் பூசினால் போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் எடுத்து ஒருமுறை பாருங்கள்.

விலை என்ன பெறும் என்று கேட்பீர்கள். கொல்லர் கையால் மடித்து அடித்து, தண்ணீரில் தோய்த்த வாளுக்கும் தொழிற்சாலை வாளுக்கும் விலையில் பல மடங்கு வித்தியாசம் உண்டு. மரபு முறையில் செய்யாத போர்க்கால வாளை ஜப்பானே கலைப்பொருளாகப் பதிவு செய்வதில்லை. போலிகளும் ஏராளம். ஆகவே முதலில் வந்து விலை பேசுகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். அலகு, கைப்பிடி, அடிப்பகுதி எழுத்து எல்லாவற்றையும் தனித்தனியாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைப் பாதுகாக்கும் வேதியியல் ஆய்வகம் 1930 முதல் இயங்குகிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

சட்டத்தையும் பாருங்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான வாள் ஆயுதச் சட்ட விதிகளுக்குள் வருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு, முறைப்படி வைத்துக்கொள்ளுங்கள். அலகு நூறு வயதைத் தாண்டியதாக இருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பையன்கள் அதை வைத்துப் பிறந்தநாள் கேக் வெட்டுவது, கையில் ஏந்திப் படம் போடுவது எல்லாம் போலீஸ் வழக்கில்தான் முடியும்.

கடைசியாக, அந்த வாளோடு வந்த கதை. நம் பக்கத்தில் ஜப்பான் என்றதும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளுக்குப் போஸ் என்று பெயர் வைத்த மண் இது. அதே ஜப்பானிய ராணுவம்தான் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போனது. ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, காலராவிலும் பட்டினியிலும் மடிந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில். தேசிய ராணுவத்து வீரர்களோ பெரும்பாலும் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டுக் கைதிகளாகத் திரும்பினார்கள். எனவே உங்கள் தாத்தா எந்தப் படையில் இருந்தார், எந்த ஆண்டில் எங்கே இருந்தார், யார் கொடுத்த வாள் என்பதை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடும் கடிதங்களோடும் ஒத்துப்பாருங்கள்.

விவரம் தெரிந்த பெரியவர்கள் இன்று மிகச் சிலரே. இந்த வாரமே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், படைப்பிரிவு, ஊர், ஆண்டு நான்கையும் ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, கையெழுத்து வாங்கி வாளோடு வையுங்கள். கொல்லரின் பெயர் எஃகில் இருக்கிறது. உங்கள் தாத்தாவின் பெயரை நீங்கள்தான் எழுதியாக வேண்டும். அந்தத் தாள் இல்லாத வாள் சந்தையில் வெறும் இரும்பு. இருந்தால் அது உங்கள் குடும்பத்தின் வரலாறு, இந்த வட்டாரத்தின் வரலாறும்கூட.