எபிசோட் 42: அந்த ஃபேக்டரியில லேடீஸ் டாய்லெட் இல்ல

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். ஏன்னு கடைசியில சொல்றேன். இன்னைக்குப் பேசப் போற விஷயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கு.

இன்னைக்கு ஒரு ஹெச்ஆர் பத்திப் பேசப் போறேன். உடனே ஸ்கிப் பண்ணிடாதீங்க! நம்மள மாதிரி கோடு எழுதுறவங்களுக்கு ஹெச்ஆர்னா ஆயுத பூஜை ரங்கோலி போட்டியும், இந்த வருஷம் இன்க்ரிமென்ட் கம்மின்னு வர்ற மெயிலும்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, லீனா நாயர் பத்திப் படிக்கிற வரைக்கும்.

மகாராஷ்டிராவில கோலாப்பூர்ல 1969ல பிறந்தவங்க. பக்கத்துல சாங்லி வால்சந்த் காலேஜ்ல எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங் படிச்சாங்க. ஆமா, நம்ம இனம்தான். அப்புறம் ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐல மனிதவளம், அதுல கோல்டு மெடல். 1992ல இந்துஸ்தான் லீவர்ல ட்ரெய்னியா சேர்ந்தாங்க. சோப்பு, டீத்தூள் விக்கிற கம்பெனி. முதல் சில வருஷம் ஹெட் ஆபீஸ் ஏசி ரூம்ல இல்ல, ஃபேக்டரிகள்ல போச்சு. கொல்கத்தா, நம்ம அம்பத்தூர், அப்புறம் மும்பை பக்கம் தலோஜா.

அப்போ அந்த ஃபேக்டரிகள்ல லேடீஸ் டாய்லெட் இருக்காது. இவங்க வர்றாங்கன்னு புதுசா கட்ட வேண்டியதாச்சு. அதுக்கு அங்க இருந்தவங்க 'லீனாஸ் லூஸ்'னு பேரே வச்சுட்டாங்க.

கேட்டா சிரிப்பா இருக்கும். ஆனா கொஞ்சம் யோசிங்க. பெண்கள் வேலை பார்த்தா அவங்களுக்குத் தனி டாய்லெட் வேணும்னு 1948 ஃபேக்டரி சட்டத்துலயே இருந்துச்சு. அப்போ பெண்கள் இல்லாத ஃபேக்டரியில அது தேவையில்ல. டாய்லெட் இல்லாததால பெண்களை எடுக்க மாட்டாங்க. பெண்கள் இல்லாததால டாய்லெட் கட்ட மாட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா டெட்லாக். யாரும் அங்க உட்கார்ந்து 'பெண்கள் வேண்டாம்'னு முடிவு எடுக்கல. எடுக்க வேண்டிய அவசியமே வரல.

அதே சட்டத்துல 66வது பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. பெண் தொழிலாளர்கள் காலை 6 மணியில இருந்து சாயங்காலம் 7 மணி வரைக்கும்தான் வேலை பார்க்கலாம்னு அதுல இருந்துச்சு. மாநில அரசு கொஞ்சம் தளர்த்த முடிஞ்சது, ஆனா ராத்திரி 10ல இருந்து விடிகாலை 5 வரைக்கும் கிடையவே கிடையாதுன்னு இருந்துச்சு. பாதுகாப்புக்காகத்தான். ஆனா நைட் ஷிஃப்டே பார்க்காத ஒருத்தரை யாராவது ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்குவாங்களா? 2000ல மெட்ராஸ் ஹைகோர்ட் இது சமத்துவ உரிமைக்கு எதிரானதுன்னு, அந்த நேரத் தடை செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்துச்சு, பாதுகாப்பு ஏற்பாடுகளை நிபந்தனையா வச்சு. லீனா நைட் ஷிஃப்டும் பார்த்தாங்க.

அதுக்கப்புறம் ஏறின படிகளை வேகமா சொல்லிடறேன், விக்கிபீடியாவுலயே இருக்கு. 2007ல இந்துஸ்தான் யூனிலீவரோட ஹெச்ஆர் தலைவர், அந்த மேனேஜ்மென்ட் கமிட்டியில முதல் பெண். 2016ல உலகம் முழுக்க யூனிலீவருக்கே ஹெச்ஆர் தலைவர். 2022 ஜனவரியில ஷனெல் சிஇஓ. ஹெச்ஆர்ல இருந்து சிஇஓ ஆகுறது ரொம்ப அபூர்வம். இந்திரா நூயியைப் பாருங்க, பெப்சிகோல சிஎஃப்ஓவா இருந்துட்டுத்தான் 2006ல சிஇஓ ஆனாங்க. வழக்கமா பணக் கணக்கு வழியாத்தான் மேல போவாங்க. பல கம்பெனியில 'எங்க டாப் டீம்லயும் பெண் இருக்காங்க'ன்னு காட்டுற ஒரே சீட் ஹெச்ஆர்தான். அந்த சீட்ல இருந்து இவங்க வெளிய வந்துட்டாங்க, அதுக்காக அந்த வழி எல்லாருக்கும் திறந்துடுச்சுன்னு நான் நம்பல.

எனக்கு முக்கியமாப் பட்டது வேற. 2010ல யூனிலீவர் மேனேஜர்கள்ல பெண்கள் 38 சதவீதம். 2020 தொடக்கத்துல பாதிக்குப் பாதி ஆகிடுச்சுன்னு அறிவிச்சாங்க. அதுக்கு அவங்க செஞ்சதுல ஒண்ணு, ஒவ்வொரு பெரிய தலைவரும் இதுவரைக்கும் யாரையெல்லாம் வேலைக்கு நியமிச்சிருக்காங்க, அதுல ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு எண்ணி அவங்க முன்னாடியே வச்சது. மேடையில என்ன பேசினீங்கன்னு யாரும் கேட்கல. லாக் ஃபைலை எடுத்துக் காட்டின மாதிரி.

இதைப் படிச்சப்போ எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. காரணம் இருக்கு.

ரெண்டு வருஷம் முன்னாடி, நான் வேலை பார்த்த இடத்துல ஒரு லீட் ரோலுக்கு இன்டர்வியூ பேனல்ல இருந்தேன். ஒரு அக்கா வந்திருந்தாங்க. குழந்தைக்காக மூணு வருஷம் கேப். டெக்னிக்கல் ரவுண்ட்ல என்னையே ரெண்டு இடத்துல திருத்தினாங்க, அவ்ளோ தெளிவு. முடிஞ்சதும் பேனல்ல ஒருத்தர், "குழந்தை சின்னதாச்சே, ராத்திரி ஆன்-கால் எல்லாம் பார்ப்பாங்களா?"ன்னார். நல்ல மனுஷன்தான், அக்கறையாத்தான் கேட்டார். ஆனா அந்தக் கேள்வியை அவங்க கிட்ட யாரும் கேட்கல. எங்களுக்குள்ளயே கேட்டு, எங்களுக்குள்ளயே பதில் சொல்லிக்கிட்டோம். நான் வாயைத் திறக்கல. ஃபார்ம்ல 'ஹோல்டு'ன்னு டைப் பண்ணினது நான்தான்.

அந்த ரோலுக்கு வேற ஒருத்தரை எடுத்தோம். நல்லாவே வேலை செஞ்சார், அதைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சேர்ந்து ஒரு மாசத்துல எல்லார் டெஸ்க்லயும் ஸ்வீட் வச்சார். பையனுக்கு முதல் பிறந்தநாளாம். ஆன்-கால் பத்தி அவரை யாரும் கேட்கல. அந்த லட்டை நானும் சாப்பிட்டேன்.

'தகுதி இருந்தா தானா வருவாங்க ப்ரோ'ன்னு யாராவது கமென்ட் போடப் போறீங்க, தெரியும். அந்த அக்காவுக்குத் தகுதி இருந்துச்சு. வந்தாங்க. கதவுல நான் இருந்தேன்.

சரி, கெஸ்ட் விஷயம். போன வாரம் நம்ம ஷோவையும் எண்ணிப் பார்த்தேன். 41 எபிசோட்ல 34 கெஸ்ட். அதுல பெண்கள் 6 பேர். அதைவிட மோசம், அந்த 6 பேர்ல 5 பேர் கிட்ட நான் பேசினது 'பெண்ணா இருந்து ஐடியில எப்படி', 'வீட்டையும் வேலையையும் எப்படி சமாளிக்கிறீங்க'ன்னுதான். ஆண்கள் கிட்ட சிஸ்டம் டிசைன், ஸ்டார்ட்அப், சம்பளம். ஒரு ஆண் கெஸ்ட் கிட்டயாவது 'குழந்தையை யார் பார்த்துக்கறாங்க'ன்னு கேட்டிருக்கேனான்னு பழைய ஆடியோ எல்லாம் தேடினேன். இல்ல. இந்த வாரம் வர இருந்த கெஸ்ட்டும் ஒரு பெண்தான், டாபிக் 'பெண்களும் தலைமையும்'. அவங்களுக்கு ஃபோன் பண்ணி, "சாரிங்க, டாபிக் மாத்திக்கலாமா? உங்க வேலையைப் பத்தி மட்டும் பேசலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் அமைதியா இருந்துட்டு, "அப்படின்னா எனக்கு ஒரு வாரம் டைம் கொடுங்க, நல்லா ப்ரிப்பேர் பண்ணிட்டு வர்றேன்"ன்னாங்க.

அதனால அடுத்த வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க. ஓடிக்கிட்டிருக்கிற பேமென்ட் சிஸ்டத்தை நிறுத்தாம டேட்டாபேஸை எப்படி மாத்தினாங்கன்னு ஒரு மணி நேரம் பேசப் போறோம். கேள்வி இருந்தா அனுப்பி வைங்க. பை!