நகரத்து நண்பர் வீட்டிற்கு முதற்பயணம்

(தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டின் தொடக்க மாதங்களில் நம் பால்மரங்கள் இலையுதிர்க்கின்றன. பழைய இலைகள் விழுந்து, புதிய தளிர்கள் முற்றும் வரையில் பால் குறைகிறது. மழை குறைந்து வெயில் ஏறும் அந்நாள்களே தோட்டத்திற்குக் கோடைக்காலம் எனலாம். ஆண்டு முழுவதும் விடியுமுன் உளியும் வாளியுமாகப் புறப்படும் கணவனும் மனைவியும் இரண்டொரு நாள் விடுப்புக் கேட்கக்கூடிய காலமும் அதுவே. "கோலாலம்பூரில் இருக்கும் நம் நண்பர்கள் எத்தனையோ முறை அழைத்துவிட்டார்கள், இம்முறையாவது போய்வருவோமே" என்னும் பேச்சு பல வீடுகளில் எழுவதும் அப்பொழுதுதான். அந்த முதற்பயணத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பேருந்தில் ஏறினால் நகரம் வந்துவிடும். இதற்கோர் உரையும் வேண்டுமா எனச் சிலர் எண்ணலாம். ஆயின், இந்தப் பயணம் மூன்று வழிகளில் கெட்டுப்போகக்கூடும். ஒன்று, கடனோடு திரும்புதல். இரண்டு, பழகிய நட்பில் கசப்போடு திரும்புதல். மூன்று, நகரத்தின் வெளிச்சத்தில் மயங்கி, முன்பின் ஆராயாமல் வேலையை விட்டுவிடும் எண்ணத்தோடு திரும்புதல். இம்மூன்றையும் தவிர்த்தால், இரண்டு மூன்று நாள் பயணம் ஒரு குடும்பத்தின் பிற்காலத்திற்கே வழிகாட்டும்.

முதலில் கடனைப் பற்றிக் கூறுகிறேன். இலையுதிர் காலத்தில் ஓய்வு கிடைக்கிறது; ஆனால் வருமானம் குறைவதும் அதே காலத்தில்தான். ஆகவே, பயணத்திற்கான பணத்தைப் பால் நன்றாக இறங்கும் மாதங்களிலேயே சிறிது சிறிதாக எடுத்துவைத்தல் வேண்டும். இருவருக்கும் போகவர ஆகும் பேருந்துக் கட்டணத்தை முதலில் ஒதுக்குங்கள். நகருக்குள் சுற்றுவதற்கும், நண்பர் குடும்பத்திற்கு ஒருவேளை உணவு வாங்கித் தருவதற்கும், எதிர்பாராத செலவிற்கும் அடுத்தபடியாக ஒதுக்குங்கள். மிஞ்சினால் துணிமணி வாங்கலாம். இந்த வரிசை மாறும்போதுதான் கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் நம் பெயர் ஏறுகிறது.

நண்பர் வீட்டிற்கு வெறுங்கையோடு செல்வது நம் வழக்கமன்று. அதற்காகக் கடன்பட்டு, விலையுயர்ந்த பிஸ்கட் பெட்டிகளை வாங்கிச் செல்லவேண்டிய தேவையும் இல்லை. அடுக்குமாடி வீட்டில் வாழ்வோர்க்குக் காலடியில் மண் இல்லை. நம் வீட்டுப் பின்புறத்தில் ஒடித்த முருங்கைக்கீரை, ஒரு கட்டுக் கறிவேப்பிலை, இரண்டு தேங்காய், ஒரு சீப்பு வாழைக்காய் ஆகியவற்றை அவர்கள் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்தே வாங்குகின்றனர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அந்த நண்பரின் மனைவிக்கு, நாம் கொண்டுசெல்லும் கீரைக்கட்டு எந்தக் கடைப்பொருளையும்விட மகிழ்ச்சி தரும்.

இனி, நட்பைக் காக்கும் வழியைப் பார்ப்போம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். விருந்தினராகச் செல்வோரின் கடமைக்கென அவர் தனி அதிகாரம் வகுக்கவில்லை. அதனை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். அக்கடமைகளில் முதலாவது, வரும் நாளையும் திரும்பும் நாளையும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிடுவது. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியோர் சொன்னது அனுபவத்தால் சொன்னது. திரும்பும் பயணச் சீட்டையும் சேர்த்தே வாங்கிவிட்டால், விருந்தளிப்பவருக்கும் ஐயமில்லை, நமக்கும் தடுமாற்றமில்லை.

நகரத்து வீட்டின் அமைப்பையும் அறிந்து செல்லுதல் நலம். மக்கள் வீடமைப்புத் திட்டத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடு பொதுவாக 700 சதுர அடிப் பரப்பும் மூன்று அறைகளும் உடையது. அதில் கணவன், மனைவி, பிள்ளைகள், சில வேளைகளில் முதிய பெற்றோரும் வாழ்கின்றனர். நாம் படுப்பதற்கு ஓர் அறை கிடைக்கிறதென்றால், அந்த அறைக்குரிய பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள் என்பது பொருள். இதை உணர்ந்து நடப்போரை யாரும் சுமையாகக் கருதமாட்டார்கள்.

மேலும், நமக்கு அதிகாலை நான்கு மணிக்கே விழித்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. குளிர்ந்த வேளையில்தான் பால் நன்கு இறங்கும் என்பதால் ஏற்பட்ட பழக்கம் அது. நண்பரோ இரவு நேர வேலை முடிந்து நள்ளிரவுக்குப்பின் வீடு திரும்பியவராக இருக்கலாம். லயத்து வீட்டில் வாளியை உருட்டினால் பக்கத்து வீட்டிற்கு மட்டுமே கேட்கும். அடுக்குமாடியில் மேலும் கீழும் இருபுறமும் கேட்கும். ஆகவே விழித்தாலும் அமைதியாக இருங்கள். தண்ணீரை அளவோடு செலவிடுங்கள். மாடியிலிருந்து எதையும் கீழே வீசாதீர்கள். கீழே பிள்ளைகள் விளையாடுவார்கள்.

தாய்மார்களுக்கும் அவர்தம் கணவன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணவர் நண்பரோடு நகரைச் சுற்றிவர, மனைவி மட்டும் அவ்வீட்டு அடுப்படியிலேயே மூன்று நாளையும் கழித்துவிட்டுத் திரும்புவதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். "நகரம் எப்படி இருந்தது?" என்று லயத்தில் யாரேனும் கேட்டால், அந்த அம்மாவால் சமையலறையைப் பற்றி மட்டுமே சொல்ல முடிகிறது. நிரையில் அவரும் கணவருக்கு நிகராக வெட்டுகிறார். பயணத்திற்கான பணத்தில் அவர் உழைப்பும் இருக்கிறது. உதவி செய்வது நற்பண்பே. "அண்ணி, நீங்கள் வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள், இன்றிரவுச் சமையலை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று ஒருநாள் பொறுப்பேற்றால் போதும். மற்ற நாள்களில் இருவரும் சேர்ந்தே வெளியே செல்லுங்கள்.

அவ்வாறு செல்லும்போது எவற்றைப் பார்ப்பது? 1976ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட புடுராயாவில்தான் எல்லாப் பேருந்துகளும் நிற்கும் என்று சில பெரியவர்கள் இன்றும் நினைக்கின்றனர். 2011ஆம் ஆண்டில் தென்மாநிலப் பேருந்துகள் பண்டார் தாசிக் செலாத்தானில் உள்ள புதிய நிலையத்திற்கு மாறிவிட்டன. எனவே, எங்கே இறங்குவது என்பதை நண்பரிடம் கேட்டுத் தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் கணவனும் மனைவியும் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவரையொருவர் பிரிந்துவிட்டால், கைபேசி அணைந்துபோனாலும் அந்தத் தாள் உதவும். அடையாள அட்டை இருவரிடமும் இருத்தல் வேண்டும்.

கொம்யூட்டர் தொடர்வண்டியில் ஏறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு முதல் அதில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டிகள் ஒதுக்கப்பட்டுள்ளன. இளஞ்சிவப்பு நிற அறிவிப்பு அவற்றைக் காட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து செல்வதாயின் பொதுப்பெட்டியில் ஏறுங்கள். நகரும் படிக்கட்டில் இடப்பக்கமாக நின்று, சேலைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முதன்முறை அச்சமாக இருப்பின் சாதாரணப் படிக்கட்டில் ஏறுவதில் வெட்கம் ஏதுமில்லை.

முதல் நாள் பத்துமலைக்குச் செல்லலாம். கொம்யூட்டர் வண்டி அம்மலையடிவாரம் வரை செல்கிறது. 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 140 அடி உயர முருகன் சிலையையும், குகைக்கு ஏறும் 272 படிகளையும் காணலாம். வெயில் ஏறுமுன் சென்றால் முழங்கால் வலியுள்ளோரும் நின்று நின்று ஏறலாம். இரண்டாம் நாள், 1873ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை வணங்கலாம்; தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படுவது இங்கிருந்தே. அங்கிருந்து தொலைவில் இல்லாத மெர்டேக்கா அரங்கில்தான் 1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நம் நாட்டின் விடுதலை அறிவிக்கப்பட்டது. அதன் அருகிலேயே 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 கட்டடம் இப்பொழுது எழுந்து நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலையில் நடக்கும்போது, அப்பெயருக்குரியவரை நினைவுகூருங்கள். பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் தங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழக்க நேர்ந்தது. அந்நிலையில், தொழிலாளரே பங்குதாரராகித் தோட்டம் வாங்குவதற்காக 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். சிறுசேமிப்பு ஒன்றுசேர்ந்தால் நிலமாகும் என்பதற்கு அச்சங்கம் ஒரு சான்று.

இனி, மூன்றாவதாகிய மயக்கத்திற்கு வருகிறேன். இதுவே என் உரையின் முக்கியமான பகுதி. கடைத்தெருவும் விளக்கொளியும் நகரத்தின் முன்பக்கம். அதைச் சுற்றுலாப் பயணிகள் எவரும் காணலாம். நண்பர் வீட்டில் தங்குவோர் மட்டுமே நகரத்தின் பின்பக்கத்தையும், அதாவது ஒரு குடும்பத்தின் மாத வரவுசெலவையும் காண முடியும். இரவு உணவிற்குப்பின், பிள்ளைகள் உறங்கிய நேரத்தில், உரிமையோடு கேளுங்கள்: "அண்ணே, தவறாக நினைக்காதீர்கள். மாதச் சம்பளத்தில் வீட்டிற்கு எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்பிற்கு எவ்வளவு போகிறது? கையில் என்ன மிஞ்சுகிறது?" தோட்டத்திலிருந்து நகருக்குச் சென்ற நண்பர் இதற்கு உண்மையான விடையளிப்பார், ஏனெனில் இக்கேள்வியை அவரும் ஒருநாள் கேட்டவரே.

அந்த விடையை நம் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நகரத்திற்கென ஒன்றும் தோட்டத்திற்கென ஒன்றுமாக அதில் வேறுபாடு இல்லை. நகரத்தில் அதிலிருந்து வாடகை கழிகிறது. தோட்டக் குடியிருப்பில் நாம் வாடகை தருவதில்லை. ஆகவே, தொழில் ஏதும் கற்காமல், சம்பளத் தொகையை மட்டும் கண்டு புறப்படுவோர் நட்டமடையக்கூடும். மறுபுறத்தில், மின்னியல், வாகனம் பழுதுபார்த்தல், தாதிமை போன்ற தொழில்களைக் கற்ற பிள்ளைகளுக்கு நகரம் நல்வாய்ப்புகளை வைத்திருக்கிறது. நகரம் நல்லதா, தோட்டம் நல்லதா என்பதன்று கேள்வி. எந்த ஆயத்தத்தோடு செல்கிறோம் என்பதே கேள்வி.

எனினும், இந்த ஒப்பீட்டில் மறைந்து நிற்கும் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். தோட்டத்து வீடு நம் வேலையோடு சேர்ந்த வீடு. வேலை முடியும் நாளில் வீடும் கைவிட்டுப் போகும். பணிஓய்வு பெற்று, தலை நரைத்த காலத்தில் பெட்டி படுக்கையோடு வீடு தேடுவது எத்துணை வேதனை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆதலால், சொந்த வீடு வாங்கிய நண்பரிடம் அவர் வாங்கிய வழியைக் கேட்டறியுங்கள். எங்கே விண்ணப்பித்தார், எத்தனை ஆண்டு காத்திருந்தார், முன்பணத்தை எவ்வாறு சேர்த்தார், ஊழியர் சேமநிதியிலிருந்து எவ்வளவு எடுத்தார் என்று கேளுங்கள். பொதுவாக நம் சம்பளத்தில் 100 வெள்ளிக்கு 11 வெள்ளி நம்மிடமிருந்தும், 13 வெள்ளி முதலாளியிடமிருந்தும் அந்நிதிக்குச் செல்கின்றன. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் சேமிப்பு மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. வீட்டிற்கென எடுக்கும் தொகை செஜாத்தெரா கணக்கிலிருந்து வருகிறது. கைச்செலவிற்கு எளிதில் எடுக்கக்கூடிய பெலெக்சிபல் கணக்கும் உண்டு. எளிதில் எடுக்கலாம் என்பதற்காகவே அதைத் துடைத்தெடுத்துவிடாதீர்கள். நகரில் இருக்கும் நாள்களில் நண்பரின் துணையோடு சேமநிதி அலுவலகத்திற்குச் சென்று, கணவன் மனைவி இருவரும் தத்தம் கணக்கறிக்கையைப் பெற்று வாருங்கள். பத்துமலைப் படத்தோடு அந்தத் தாளும் வீடு வந்து சேரட்டும்.

திரும்பிய பின்னும் ஒரு கடமை எஞ்சியிருக்கிறது. நண்பர் குடும்பத்தை நம் தோட்டத்திற்கு அழையுங்கள். நகரில் பிறந்த அவர்தம் பிள்ளைகள் பால்மரத்தைப் பாடநூலில் மட்டுமே பார்த்திருப்பார்கள். பட்டையில் உளி இட்ட கோட்டின் வழியே பால் இறங்கிக் கோப்பையில் சொட்டுவதை அவர்கள் நேரில் காணட்டும். தங்கள் தாத்தா பாட்டியின் உழைப்பை அறியட்டும். "எங்கள் வீடு சிறியது, நகரத்தார்க்கு ஒத்துவராது" என்று கூசவேண்டாம். அவர்களும் அதே லயத்திலிருந்து புறப்பட்டவர்கள்தாம். ஒருவர் மட்டும் விருந்தளித்து மற்றவர் மட்டும் விருந்துண்டால் நட்பு நெடுநாள் நிலைக்காது.

எனவே, அன்பர்களே, வரும் இலையுதிர் காலத்தில் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து புறப்படுங்கள். கடன் இல்லாமல் சென்று, பிறர்க்குச் சுமையாகாமல் தங்கி, தெளிந்த கணக்கோடு திரும்புங்கள். உங்கள் பயணம் இனிதாக அமைக!