பெரிய மீனைத் தொட்டி மாற்றுதல்



கண்ணாடித் தொட்டியில் வண்ண மீன் வளர்ப்போர் இன்று பலர். சென்னையில் கொளத்தூர் இவ்வாணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே இரண்டங்குல நீளமுள்ள ஆஸ்கர் மீன் குஞ்சைப் பையில் நீரோடு வாங்கி வருதல் மிக எளிது. ஆனால் குஞ்சு என்றும் குஞ்சாகவே இருப்பதில்லை. அமேசான் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் ஓரடி நீளம் வளரக்கூடியது. ஒரு கிலோவுக்கு மேலும் எடை பெறும். 1831-ஆம் ஆண்டில் லூயி அகாசி என்னும் அறிஞர் இதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். வாலின் அடியில் கண் போன்ற புள்ளி இருத்தலின், அதன் அறிவியற் பெயரும் அப்புள்ளியையே குறிக்கின்றது.

குஞ்சுக்குப் போதுமாயிருந்த தொட்டி, வளர்ந்த மீனுக்குச் சிறைக்கூடமாகி விடுகின்றது. ஆகவே ஒருநாள் அதனை வேறு தொட்டிக்கு மாற்றியே தீர வேண்டும். இடர் நேர்வது அன்றுதான்.

ஒரு பள்ளியின் அறிவியல் கூடத்தில் நிகழ்ந்ததை நான் நேரில் கண்டதுண்டு. சிறிய வலையொன்றில் பெரிய மீனின் தலை மட்டுமே புகுந்தது. பாதி உடல் வெளியே நின்றது. வலையை மேலே தூக்கியதும் மீன் துள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. மாணவர்கள் உலர்ந்த துணியால் அதனை அமுக்கிப் பிடித்துப் புதுத் தொட்டியில் விட்டனர். மீன் நீந்தியது, எல்லாரும் கைதட்டினர். மூன்றாம் நாள் அதன் விலாவில் பஞ்சு போல் வெண்மையான பூஞ்சை படர்ந்தது. அந்த வாரத்துக்குள் மீன் மடிந்தது. வலை பிடித்த பையன்மேல் குற்றம் சொல்வதற்கில்லை. மீனின் உடல் எத்தகையது என்பதை அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

அதை நாம் இப்பொழுது அறிந்துகொள்வோம்.

மீனின் செதிலை நாம் கவசம் என்று நினைக்கின்றோம். உண்மையில் அக்கவசத்தின் மேலும் உயிருள்ள மெல்லிய தோல் ஒன்று போர்த்தியிருக்கின்றது. அத்தோல் சுரக்கும் வழவழப்பே மீனை நோய்க்கிருமிகளிடமிருந்து காக்கின்றது. முரட்டு வலையும் உலர்ந்த கையும் அதனைத் துடைத்து விடுகின்றன. ஒரு செதில் பெயர்ந்தாலும் அது திறந்த புண்ணே. மேலும், நன்னீர் மீனின் உடல் நீர்மத்தில் உப்பு மிகுதி. சுற்றியுள்ள நீரில் குறைவு. ஆதலின் புறநீர் ஓயாது உடலுக்குள் புக முயலும். மீன் அதனை இடையறாது வெளியேற்றியே வாழ்கின்றது. தோல் கிழிந்தால் அவ்வுழைப்பு பன்மடங்காகும்.

அடுத்தது எடை. உள்ளே காற்றுப் பையும் வெளியே நீரின் தாங்குதலும் இருப்பதால், நீரில் மீனுக்குத் தன் எடை தெரிவதே இல்லை. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு கிலோ மீனை நீரிலிருந்து தூக்கிய நொடியில், அந்த ஒரு கிலோவும் வலை நூல் படும் இடங்களில் வந்து அழுந்துகின்றது. சிறு மீனுக்கு இது பெரிதன்று. பெரிய மீனுக்கோ உள்ளுறுப்புகளே நசுங்கக்கூடும்.

மூன்றாவது மூச்சு. நீரில் மயிலிறகு போல் விரிந்திருக்கும் செவுள் இழைகள் காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சுற்றிலும் பிராண வாயு நிறைந்திருந்தும் மீன் திணறுவது இதனாலேயே.

இம்மூன்றையும் அறிந்தபின் முறை தானே விளங்கும். பெரிய மீனை நீரிலிருந்து எடுக்கலாகாது. நீரோடு சேர்த்து மொள்ள வேண்டும். இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி. மற்றவை யாவும் இதன் விரிவே.

முதலில் ஆயத்தம். இதுதான் வேலையின் பெரும்பகுதி. மாற்றுவதற்கு முந்திய நாளே உணவை நிறுத்திவிடுங்கள். வயிறு காலியாயிருந்தால் மீனும் எளிதில் தாங்கும், நீரும் அழுக்காகாது. புதுத் தொட்டியை முன்னரே நிரப்பி, வடிகருவியை ஓடவிட்டு வையுங்கள். குழாய் நீரில் குளோரின் இருந்தால் அது செவுளைத் தீய்க்கும். அதனை முறிக்கும் மருந்தாகிய சோடியம் தயோசல்பேட்டை, புட்டியிற் கண்ட அளவில் கலக்க வேண்டும். பழைய வடிகருவியின் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல், ஈரம் உலராமல் புதுத் தொட்டிக்கு மாற்றுங்கள். மீனின் கழிவாகிய அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அப்பஞ்சிலேதான் குடியிருக்கின்றன. அவை இன்றிப் புதுவீடு வீடாகாது.

மீன் முழுநீளமாய்க் கிடக்கத்தக்க, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தேவை. அதன் விளிம்பு மழமழப்பாயிருத்தல் வேண்டும். இரண்டு அகன்ற, முடிச்சில்லாத மென்வலைகள் வேண்டும். இருவர் வேண்டும், தனியாக இவ்வேலையில் இறங்க வேண்டா. தரையில் ஈரத்துணி விரித்து வையுங்கள்.

இனிப் பிடித்தல். மின் இணைப்புகள் அனைத்தையும் நீக்கிய பிறகே நீரில் கை வைக்க வேண்டும். சூடேற்றும் கருவி இருந்தால் அது ஆறிய பின்னரே நீரை இறக்க வேண்டும். இல்லையேல் அதன் கண்ணாடி வெடிக்கும். பாறை, மரக்கட்டை முதலியவற்றை மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள். மிரண்டோடும் மீன் அவற்றில்தான் மோதிக் காயமுறுகின்றது. மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்வரை நீரைக் குழாய் வழியே இறக்குங்கள். ஆழம் குறைந்தால் ஓடும் இடமும் குறையும். அறை விளக்கைத் தணியுங்கள். மீனுக்கு இமை இல்லை, திடீர் வெளிச்சம் அதனைக் கலக்கும்.

பெட்டியைத் தொட்டிக்குள் ஒரு மூலையில் சாய்த்து, வாய் மீனை நோக்க மூழ்க வையுங்கள். ஒருவர் பெட்டியைப் பிடித்துக் கொள்ளட்டும். மற்றவர் இரு வலைகளையும் நகரும் சுவர்களாகக் கொண்டு மீனை மெல்ல மெல்ல அதன்பால் ஒதுக்கட்டும். வலை இங்கே பிடிக்கும் கருவியன்று; வழிகாட்டும் கருவி. மீனின் விலாவில் நீளவாக்கில் ஓடும் உணர்கோடு நீரின் சிறு அசைவையும் அறியும். ஆதலின் விரைந்து வீசுவோர் தோற்பர், பொறுத்து நகர்த்துவோர் வெல்வர். மீன் மிரண்டால் வலையை அசையாது நிறுத்திச் சில நிமிடம் காத்திருங்கள். அது பெட்டிக்குள் புகுந்ததும் வாயை மேலே நிமிர்த்தி, உடனே மூடியிட்டு, இருவரும் சேர்ந்து தூக்குங்கள். முப்பது லிட்டர் நீர் முப்பது கிலோ என்பதை நினைவிற் கொள்க. தொட்டியையே நீரோடு நகர்த்தலாமே எனச் சிலர் நினைப்பர். நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஒன்பது கன அடி. நிறைந்தால் ஏறத்தாழ 255 லிட்டர். தூக்கினால் கண்ணாடி இணைப்புகள் விட்டுப்போகும்.

பெட்டிக்கு அடங்காத மீனும் உண்டு. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு ஹீராலால் சௌதுரி ஒடிசாவில் வெற்றி கண்ட தூண்டு முறை இனப்பெருக்கத்துக்குப் பின், தாய்மீன்களைக் கையாளுதல் பண்ணைகளின் அன்றாட வேலையாயிற்று. அத்தகைய பெருமீனை ஈரத்துணித் தூளியில், உடல் முழுவதும் தாங்குமாறு கிடத்திச் சுமக்கலாம். தலையையோ வாலையோ பற்றித் தொங்கவிடுதல் கூடாது.

கெளுத்தி இனத்துக்கு வலையே ஆகாது. அதன் பக்கத் துடுப்பின் முள் விறைத்து நின்று நூலில் சிக்கிக்கொள்ளும். விடுவிக்கும் முயற்சியில் மீனும் புண்படும், நம் கையும் புண்படும். தேளி மீனின் முள்ளில் நஞ்சும் உண்டு. இவற்றைப் பெட்டி கொண்டே மொள்ள வேண்டும்.

புதுத் தொட்டியருகே வந்ததும் அவசரம் வேண்டா. இரு நீரின் வெப்பநிலையும் ஒத்திருக்கின்றதா என்று பாருங்கள். புதுநீரைச் சிறிது சிறிதாகப் பெட்டியில் ஊற்றிப் பழக்குங்கள். 20 டிகிரி நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராண வாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். எனவே நம் கோடையில் காற்றுக் குழாய் ஒன்றைப் பெட்டியிலும் இட்டுவைப்பது நலம். பின்னர்ப் பெட்டியைத் தொட்டிக்குள் அமிழ்த்திச் சாய்த்தால் மீன் தானே வெளியேறும். தொட்டியை உடனே மூடுங்கள். முதல் இரவில்தான் மீன் துள்ளி வெளியே விழும். அன்று விளக்கும் வேண்டா, உணவும் வேண்டா.

மாணவச் செல்வங்களே! பேச வாயில்லாத உயிர் ஒன்று நம் வசதிக்காக இடம் மாறுகின்றது. அதற்கு நோவு தெரியாமல் மாற்றுவதற்கு வலிய கை தேவையில்லை. முன்னரே எண்ணிப் பார்க்கும் மனமும், அரைமணி நேரப் பொறுமையும் போதும். உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ இவ்வேலை வரும் நாளில், வலையைத் தேடுமுன் பெட்டியைத் தேடுங்கள்.